அக்கா வீட்டு வாசலும் மழைப்பாத்தியும்

அந்தத் தெருவில் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் யாராவது ஒருவர் தன் வாசலை உயர்த்துவார். அவர் ஒரு படி உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரைப் படி உயர்த்துவார். இப்படி ஆளாளுக்கு மேலே ஏறிக்கொண்டதில் தெரு மட்டும் கீழேயே கிடந்தது. நகரம் முழுக்க வழிந்து வரும் மழைத்தண்ணீர், இன்னும் உயராத வாசல் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டு வரும். கடைசியில் தங்கையின் கடைக்குள் நுழையும்.

தங்கை அழகு நிலையம் வைத்திருந்தாள். அப்பா விட்டுப்போன வீட்டை அக்காவும் அவளும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கம் பழைய வீடு, மூன்று படி ஏறிப் போக வேண்டும். தங்கை பக்கத்து முன்னறை, கடைக்காகப் பிற்பாடு தெருமட்டத்தில் இழுத்துக் கட்டியது. கூரை தாழ்வு. தரையை உயர்த்தினால் மின்விசிறி வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே முடி வெட்டிவிடும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சிரிக்காமல் போனது போன வருட வெள்ளத்தில்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன் அக்கா தன் வீட்டு வாசலில் இருந்த மண்தரையை, செடிகொடிகளோடு வழித்தெறிந்துவிட்டு, படிகளையும் மூடி, கதவிலிருந்து தெருவரைக்கும் ஒரே சரிவாகக் காங்கிரீட் போட்டாள். "சேறு தாங்கல" என்று தெருவில் சொன்னாள். அதற்கு முன்பெல்லாம் அந்த மண் கொஞ்சமாவது தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. இப்போது அக்கா வாசலில் விழுந்த மழை, சறுக்குமரத்தில் வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்து தங்கையின் கடைக்குள் இறங்கியது. வெள்ளமும் சேர்ந்துகொண்டது. முடி உலர்த்தும் இயந்திரங்கள் போயின. சுழலும் நாற்காலிகள் சுழலுவதை நிறுத்தின. ஷாம்பூ பாட்டில்கள் கடைக்குள்ளேயே படகுப் போட்டி நடத்தின.

தண்ணீர் வடிந்த அன்று காலையில் இருவரும் அவரவர் வாசலில் நின்று கத்திக்கொண்டார்கள்.

"உன் வீட்டுத் தண்ணிய என் வீட்டுக்குள்ள விட்டுட்டு நிம்மதியாத் தூங்குனியாக்கா?"

"மழைய நானா பெய்ய வச்சேன்? ஊருக்கே வந்த வெள்ளத்துக்கு என்னை ஏன்டி பிடிக்கிற?"

"ஊருக்கு வந்தது முழங்கால். எனக்கு வந்தது இடுப்பு. மிச்சம் உன்னோடதுதான்!"

அன்றோடு பேச்சு நின்றது. நடுச்சுவர் மெல்லியது என்பதால் ஒருத்தி தும்மினால் இன்னொருத்திக்குக் கேட்கும். ஆனாலும் இருவரும், அந்தப் பக்கம் யாருமே குடியில்லாததுபோல நடந்துகொண்டார்கள்.

இருவருக்கும் பொதுவாக மிஞ்சியவர் அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநராக இருந்தவர். தெருவே அவரை டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடும். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கும் கொஞ்சம் குழறும். சக்கர நாற்காலியில் தினமும் சாயங்காலம் தெருமுனைவரை போய், முதன்மைச் சாலையில் போகும் பேருந்துகளைப் பார்த்துவிட்டு வருவார். யாரும் தள்ளக் கூடாது. ஒற்றைக் கையாலும் ஒற்றைக் காலாலும் தானே உந்திக்கொண்டு போவார். திரும்பும்போது தங்கையின் கடைக்கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டுவார். "வண்டி டெப்போக்குப் போகுது" என்பார். தங்கையும் கையசைப்பாள். அக்காவோடுதான் சண்டை, மாமாவோடு இல்லை.

அந்தக் கோடையில் நகராட்சியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தாள். சின்ன வயது, வெயிலில் கருத்த முகம், காலில் சேறு தாங்கும் உயரமான காலணி. அளவுக்கோலோடு காலையெல்லாம் தெருவை அளந்துவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுத் தங்கையின் கடைக்குள் வந்தாள்.

"எதுக்கு அளக்குறீங்க? புதுசா ரோடு போடப் போறீங்களா?"

"இல்லங்க. ரோட்டக் கொஞ்சம் எடுக்கப் போறோம்."

தங்கைக்குப் புரியவில்லை. பொறியாளர் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் வரைந்து காட்டினாள். தெருவின் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைத் தோண்டி நீளமான பள்ளமாக்குவது. அடியில் சரளை, மேலே மணலும் மண்ணும். அதில் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தாங்குகிற நாணலும் புதர்களும் குட்டை மரங்களும். தெருத்தண்ணீர் முதலில் அங்கே இறங்கும். செடி குடித்தது போக மிச்சம் மெல்ல மண்ணுக்குள் போகும். இதற்குப் பெயர் மழைப்பாத்தி.

"தண்ணிய விரட்டாம உக்கார இடம் குடுக்கணும். அவ்வளவுதான்" என்றாள் பொறியாளர். "ஆனா தெருவோட ரொம்பத் தாழ்வான இடம் இதுதான். உங்க கடையும் அந்தப் பக்கத்து வீடும். அந்தக் காங்கிரீட்டையும் எடுத்து, பாத்தி அது வழியாப் போகணும். நடுவுல விட்டுப்போனா பிரயோஜனமில்ல. வீட்டுக்காரங்க சம்மதிக்கணும். இல்லன்னா வேலை வேற தெருவுக்குப் போயிடும்."

தங்கை அன்றே களத்தில் இறங்கினாள். முடி வெட்ட வந்தவர்கள், புருவம் திருத்த வந்தவர்கள், யாரையும் விடவில்லை. கழுத்தில் துணி கட்டி, தலையில் கத்தரியும் வைத்தபிறகு, "மழைப்பாத்தி நல்லதுதானே அக்கா?" என்று கேட்டால் எந்த மனுஷி மறுத்துப் பேசுவாள்? மாடிவீட்டு வாத்தியாரின் மனைவி ஒத்துக்கொண்டாள். வாத்தியார், மனைவி ஒத்துக்கொண்டபின் ஒத்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் மட்டும் தன் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்று முரண்டு பிடித்தார். அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மணப்பெண் அலங்காரம் முடிவதற்குள் அவரும் வழிக்கு வந்தார். தெருவில் எல்லோரும் பொறியாளருக்குக் 'குழி மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

அக்கா மட்டும் முடியாது என்றாள்.

குழி மேடம் மூன்று தடவை போய்ப் பார்த்தாள். முதல் தடவை, இலை குப்பை யார் கூட்டுவது என்று கேட்டாள் அக்கா. அடுத்த தடவை, கொசு வரும் என்றாள். அதற்கடுத்து, "எனக்கு இஷ்டமில்ல, அவ்வளவுதான்" என்று கதவைச் சாத்தினாள்.

தெருவின் வாய் சும்மா இருக்குமா? ஒருத்தியால் தெருவே முழுகப்போகிறது என்று பேச ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயடியில் அக்காவிடம் முகம் கொடுக்க மறுத்தார்கள். தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்து, "உங்க அக்காவுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல" என்றார்கள். முதலில் அதைக் கேட்கத் தங்கைக்கு இதமாகத்தான் இருந்தது. இத்தனை மாதமாகத் தான் ஒருத்தியே சொல்லிவந்ததை இப்போது ஊரே சொல்கிறது. ஆனால் நாளாக ஆக, மற்றவர்கள் வாயில் அது வேறு மாதிரி ஒலித்தது. 'நான் திட்டலாம், என் அக்கா. இவர்கள் யார்?' என்று உள்ளுக்குள் ஒன்று முணுமுணுத்தது. அதை வெளியே காட்டாமல் கத்தரியை வேகமாக அடித்தாள்.

கடைசியாக ஒரு கூட்டம் போட்டார்கள். தெருவில் நாற்காலிகள் அதிகம் உள்ள இடம் தங்கையின் கடைதான் என்பதால் அங்கேயே. வாத்தியார் முடி உலர்த்தும் தொப்பிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அக்கா வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். வாசலோரமாக, சுவரில் சாய்ந்து நின்றாள். உட்காரவில்லை.

குழி மேடம் பெரிய படத்தைக் கண்ணாடியில் ஒட்டினாள். தெரு அதில் பச்சையாக இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பாத்தியைத் தாண்டிப் போக ஒரு சின்னக் கற்பாலம், பாலத்திலிருந்து வீட்டுக்கு ஏறப் படிகள்.

சைக்கிள் கடைக்காரர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, இவ்வளவு அழகா வருது. நீங்க ஒருத்தர் வீம்பு பிடிச்சா எப்படி? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு நீங்க இருக்கலாம். எங்களால முடியாது."

"அவங்க வீடு உசரத்துல இருக்கு. அவங்களுக்கென்ன" என்றது இன்னொரு குரல்.

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். சின்ன வயதில் அப்பா திட்டும்போதும் அவள் இப்படித்தான் நிற்பாள். தங்கை அழுது தப்பித்துவிடுவாள். அக்கா வாய் திறக்காமல் இரண்டு பேருக்கான திட்டையும் வாங்கிக்கொள்வாள்.

தங்கைக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. பார்வையைப் படத்தின் பக்கம் திருப்பினாள். தங்கள் வீட்டைத் தேடினாள். கடை இருந்தது. பக்கத்தில் அக்கா வீடு. வாசலில் நாணல், ஒரு குட்டை மரம், கற்பாலம், மூன்று படி.

மூன்று படி.

அவள் எழுந்து படத்துக்குக் கிட்டே போனாள். விரலை அந்தப் படிகளின் மேல் வைத்தாள்.

"மேடம், இதுல எங்க மாமா எப்படித் தெருவுக்கு வருவாரு?"

குழி மேடம் படத்தைப் பார்த்தாள், பிறகு அக்காவை.

"யாரு மாமா?"

"எங்க அக்கா வீட்டுக்காரர். சக்கர நாற்காலி. தினமும் சாயங்காலம் தானா உந்திக்கிட்டு வருவாரு. நீங்க காலையிலயே வந்து போயிடுறீங்க, பார்த்திருக்க மாட்டீங்க. நாங்க தினமும் பார்க்குறோம். எங்களுக்கும் தோணல." தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். "அந்தக் காங்கிரீட்டு சேறுக்காகப் போட்டதில்ல. அவருக்காகப் போட்டது. இல்லக்கா?"

இத்தனை மாதங்களுக்குப் பிறகு அவள் அக்காவை நேராகக் கூப்பிட்ட முதல் 'அக்கா' அது.

அக்கா தலை நிமிர்ந்தாள். "படி வந்தா அவரை நாலு பேரு தூக்கணும். தூக்கவிடமாட்டாரு. உள்ளயே கிடப்பாரு."

"இதச் சொல்லியிருக்கலாமே!" என்றாள் வாத்தியார் மனைவி.

"என் புருஷனுக்கு நடக்க முடியல, தெருவையே மாத்துங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லணுமா? அவருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்கமாட்டாரு. கொசுன்னு சொன்னா என்னைத்தானே திட்டுவீங்க? திட்டுங்க."

சைக்கிள் கடைக்காரர் எழுந்து தன் நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்திப் போட்டார்.

குழி மேடம் நெற்றியைத் தேய்த்தாள். "தப்பு என்னோடது. தண்ணி எங்க போகும்னே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு பென்சிலை எடுத்துப் படத்தின் மேலேயே வரைய ஆரம்பித்தாள். படிகளைக் கோடு போட்டு அடித்தாள். பாத்தி போக மிஞ்சும் இடத்தில் கதவிலிருந்து நேராக இறங்கினால் சரிவு செங்குத்தாகிவிடும், ஒற்றைக் கையால் ஏற முடியாது. பக்கவாட்டில் நீளமாகப் போக வேண்டும். பாத்திக்கு மேலே தண்ணீர் ஒழுகும் இரும்புக் கம்பித்தளம் போட்டால், கீழே செடி, மேலே நாற்காலி. அவள் கோடு அக்கா வீட்டு எல்லையில் முட்டி நின்றது.

"நீளம் பத்தல" என்றாள். தங்கையைப் பார்த்தாள். "உங்க கடை முன்னாடி வரைக்கும் வரணும். கைப்பிடியோட. உங்க கண்ணாடி பாதி மறைஞ்சிடும். பலகைய வேற இடத்துல மாட்டணும்."

அந்தக் கண்ணாடிதான் கடைக்கு முகம். தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்துவிட்டுத்தான் நுழைவார்கள். தங்கை ஒரு நிமிடம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பிற்பாடு அவள் சொன்னதெல்லாம் பொய்.

"மறையட்டும். என் வேலை தெரிஞ்சவங்க கண்ண மூடிக்கிட்டும் வருவாங்க."

வேலை ஆரம்பித்தது. காங்கிரீட்டை உடைக்கும் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. எல்லாம் சீராக நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பாதி தோண்டியிருந்தபோது கோடைமழை ஒன்று கொட்டியது. பள்ளத்தில் விழுந்த தண்ணீர் அப்படியே நின்றது, இறங்கவே இல்லை. "மழைப்பாத்தின்னு சொல்லிக் குளம் வெட்டிட்டீங்களே!" என்று சைக்கிள் கடைக்காரர் கத்தினார். குழி மேடம் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தாள். களிமண். கொண்டுவந்து கொட்டியவர்கள் தவறான மண்ணைக் கொட்டியிருந்தார்கள். அத்தனையையும் வாரி வெளியே போட்டு, மணல் கலந்த மண்ணை மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. அவள் முகம் வாடிப்போய் நின்றதைப் பார்த்து, அக்கா வீட்டுச் சன்னல் வழியாக ஒரு கோப்பைத் தேநீர் வந்தது.

அதனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. அதுவரை டிரைவர் மாமாவால் வெளியே வர முடியவில்லை. பலகை போட்டுப் பார்த்தார்கள், சக்கரம் சேற்றில் புதைந்தது. அவர் 'போகட்டும்' என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரலே கேட்கவில்லை. தொலைக்காட்சி மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் தங்கை கத்தரியும் சீப்பும் எடுத்துக்கொண்டு, பலகைமேல் தடுமாறி நடந்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த அக்கா வழி விட்டாள்.

மாமாவின் முடி காதை மூடி வளர்ந்திருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்க்க மறுத்தார்.

"மாமா, இப்படியே விட்டா நாணல இங்கயே நட்டுடுவாங்க. தலையக் காட்டுங்க."

அவர் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. தலையைக் குனிந்துகொடுத்தார். தங்கை நிதானமாக வெட்டினாள். அக்கா கீழே விழுந்த முடியைக் கூட்டுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றாள்.

"எனக்காக... உன் கண்ணாடி..." என்றார் மாமா குழறலாக. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? நீங்க தெருவுல இல்லன்னா எங்க எல்லாருக்கும் மணி என்னன்னே தெரியல. அதுக்குத்தான்."

அவர் வலது கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள்.

"கோபம் போயிடுச்சாடி?"

"இல்ல. பாதி இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. "நாளைக்கும் வா."

செடிகள் நட்டு வேர் பிடிப்பதற்கும் மழைக்காலம் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. கம்பித்தளமும் முடிந்து, டிரைவர் மாமாவின் நாற்காலி மறுபடியும் தெருமுனைக்குப் போய்வந்தது. சின்ன மழைகள் வந்து போயின. பெரிய மழை ஒரு மதியம் வந்தது. கடைக்குள் வாத்தியார் மனைவி தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்தாள். வானம் கருத்து, கொட்ட ஆரம்பித்து, நிற்கிற வழியாகத் தெரியவில்லை. மேட்டுத் தெருக்களின் தண்ணீரெல்லாம் பழுப்பு நிறத்தில் திரண்டு வந்தது. போன வருட வெள்ளம் நினைவுக்கு வந்து தங்கை இயந்திரங்களைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

தண்ணீர் பாத்தியில் இறங்கியது. நாணல்கள் படுத்து எழுந்தன. ஒவ்வொரு பாத்தியாக நிரம்பிக்கொண்டே வந்தது. கடை வாசலுக்கு எதிரே மட்டும், தண்ணீர் உள்ளே போகும் திறப்பில் தழையும் குப்பையும் அடைத்துக்கொண்டு, வெள்ளம் திரும்பி வாசல் பக்கம் வர ஆரம்பித்தது. ஒரு விரற்கடை தண்ணீர் கடைக்குள் நுழைந்தும்விட்டது.

தங்கை வெளியே ஓடினாள். அவளுக்கு முன்பே ஒரு உருவம் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, துடைப்பக்கட்டையால் அந்தத் திறப்பைக் குத்திக்கொண்டிருந்தது.

"இலை விழும், யாரு கூட்டுவான்னு அன்னிக்கே கேட்டேன்ல!" என்று மழைக்கு மேலாகக் கத்தினாள் அக்கா. "கேட்டீங்களா யாராவது?"

"இப்ப சண்டை போடாதக்கா, அந்தப் பக்கம் இழு!"

இருவரும் குனிந்து கையாலேயே வாரினார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒரு இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். அடைப்பு சட்டென்று விட்டது. தண்ணீர் பெரிய ஏப்பம் விட்டதுபோலச் சத்தம் போட்டு உள்ளே இறங்கியது. அந்த வேகத்தில் அக்கா கால் இடறி நாணலுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். தங்கை தூக்கப் போய் அவளும் விழுந்தாள். மேலே கம்பித்தளத்தில், குடையை இடுக்கிக்கொண்டு நாற்காலியில் இருந்த டிரைவர் மாமா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் குழறாமல் வந்தது.

மழை விட்ட பிறகும் பாத்திகளில் தண்ணீர் நின்றது. இந்த முறை அது இறங்கியது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்று, அது மெல்ல மெல்லக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டுத் தெருவில் இரண்டு வீட்டுக்குள் தண்ணீர் போயிருந்தது என்று சேதி வந்தது. குழி மேடம் இருட்டுவதற்குள் நனைந்தபடி வந்து ஒவ்வொரு திறப்பாகக் குனிந்து பார்த்தாள். இவற்றை இன்னும் அகலமாக வைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் தெருவுக்கும் பாத்தி கேட்டு அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

கடைக்குள் தரையில் நின்றிருந்த தண்ணீரை அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு துணியால் ஒற்றிப் பிழிந்தார்கள். இருவர் தலையிலும் சேறு. அப்போதுதான் மூலை நாற்காலியிலிருந்து ஒரு குரல் பரிதாபமாகக் கேட்டது.

"தெருவக் காப்பாத்திட்டீங்க, சந்தோஷம். என் தலைய யாராவது கழுவி விடுங்களேன்!"

சாயம் ஏறவேண்டியதைவிட வெகுநேரம் ஊறியிருந்தது. தங்கை தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"நீ ஊத்து, நான் தேய்க்குறேன்" என்றாள் தங்கை.

அக்கா ஊற்றினாள்.